அக்காவின் பங்கும் பாவசங்கீர்த்தனமும்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்காரர். பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம். ஓசூரில் கம்பெனி வேலை. மனைவி பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவர். அப்பா இறந்ததும் "பட்டா மாத்தணும்" என்று சொல்லி அக்காவிடம் விடுதலைப் பத்திரத்தில் (தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் பத்திரம்) கையெழுத்து வாங்கி, நிலம் முழுவதையும் தன் பேருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒவ்வொரு வருஷமும் அதைப் பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும்போது, சொல்கிறார், மனசு ஆறவில்லை. சம்பள நாளில் குடிப்பதும் நிற்கவில்லை, அதையும் வருஷா வருஷம் சொல்கிறார். "சாமியாரிடம் எதற்கு? ஆண்டவரிடமே கேளுங்கள்" என்கிறார் மனைவி. அவர் சொல்வது சரியா, அதே பாவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது நடிப்பா, மனசு ஆறாததால் கடவுள் மன்னிக்கவில்லை என்று அர்த்தமா? கடைசியாக ஒரு தயக்கமும் உண்டு: பங்குச்சாமி வீட்டுக்கு வந்து போகிறவர், அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

தம்பி, நான் சாமியார் இல்லை. தருமபுரி மறைமாவட்டத்தில் பல காலம் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்த வாத்தியார், அவ்வளவுதான். பாவமன்னிப்பு கொடுக்கும் அதிகாரம் எனக்கில்லை என்பதால் கொஞ்சம் தாராளமாகவே பேசலாம்.

மனைவி சொல்வதிலிருந்து தொடங்குகிறேன். அவர் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். நம் பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்று யோவானின் முதல் கடிதம் (1:9) சொல்லும் இடத்தில் குருவைப் பற்றிப் பேச்சே இல்லை. லூக்கா 18-இல் வரிதண்டுபவர் கோவிலில் தூரமாக நின்று மார்பில் அடித்துக்கொண்டு ஒரே ஒரு வரி சொல்கிறார். மன்னிப்புப் பெற்று வீட்டுக்குப் போகிறார். கத்தோலிக்கத் திருச்சபையும் கடவுளிடம் நேரே மன்னிப்புக் கேட்காதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. தினமும் இரவில் கேட்கத்தான் சொல்கிறது. சாவான பாவத்தில், அதாவது கடவுளைவிட்டுப் பிரிக்கும் கனமான பாவத்தில், இருப்பவர்கூட, குரு கிடைக்காத நேரத்தில், கடவுள்மேல் உள்ள அன்பினால் முழு மனதோடு வருந்தி (இதை உத்தம மனஸ்தாபம் என்பார்கள்), வாய்ப்பு வந்ததும் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன் என்று தீர்மானித்தால் மன்னிப்பு உண்டு. நம் பாட்டிகள் தூங்கப் போகும்முன் மனஸ்தாப மந்திரத்தை மனப்பாடமாகச் சொன்னது இதற்குத்தான்.

அப்படியானால் குரு எதற்கு? நம் பக்கத்தில் வழக்கமாகச் சொல்லும் பதில் யோவான் 20:23. உயிர்த்த இயேசு சீடர்கள்மேல் ஊதி, எவருடைய பாவங்களை நீங்கள் மன்னிப்பீர்களோ அவை மன்னிக்கப்படும் என்று சொன்னது. மன்னிப்பதா வேண்டாமா என்று அவர்கள் தீர்மானிக்க வேண்டுமென்றால் முதலில் கேட்க வேண்டும் அல்லவா? இது சரியான பதில்தான். ஆனால் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் இந்த வசனத்தை வைத்து வாதம் தொடங்கினால் இட்லி ஆறிப்போகும், வாதம் ஆறாது. அதனால் நான் வேறொரு இடத்தைக் காட்டுகிறேன். அது உங்கள் மனைவியும் நன்றாக அறிந்த கதை.

தாவீது ராஜா தன் படைவீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகவிட்டார். அதன்பின் குழந்தை பிறக்கும்வரை அவர் ஜெபிக்காமலா இருந்திருப்பார்? ஆனால் இந்த விஷயம் அவர் வாயிலிருந்து வரவில்லை. இறைவாக்கினர் நாத்தான் வந்து, ஒரே ஒரு ஆட்டுக்குட்டி வைத்திருந்த ஏழையிடமிருந்து அதைப் பணக்காரன் பறித்துக்கொண்ட கதையைச் சொன்னதும், தாவீது ஒரு நொடியில் தீர்ப்புச் சொல்கிறார்: அவன் சாகவேண்டும், நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அடுத்தவன் பாவம் என்றால் நமக்குச் சட்டம் அத்துப்படி. சொந்த வழக்கில்தான் வாய்தா வாங்கிக்கொண்டே இருக்கிறோம். தனியாக முழங்காலில் நிற்கும்போது குற்றவாளியும் நாமே, வக்கீலும் நாமே, நீதிபதியும் நாமே. எதிரில் இன்னொரு மனுஷர் உட்கார்ந்து கேட்கும்போது வக்கீலுக்கு வேலை குறைகிறது. யாக்கோபு கடிதம் (5:16) ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்வதையும், எபேசில் விசுவாசிகளானவர்கள் பலர் வந்து தங்கள் செயல்களை வெளிப்படையாக அறிக்கையிட்டதையும் (திருத்தூதர் பணிகள் 19:18) மனைவியிடம் எடுத்துக்காட்டுங்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் எழுந்து நின்று, "நான் இப்படி இருந்தேன், ஆண்டவர் என்னை மாற்றினார்" என்று சாட்சி சொல்கிறார்களே, அங்கேயும் இன்னொருவர் காதில் விழத்தான் செய்கிறது.

இந்த வழக்கம் வந்த விதமும் தெரிந்திருப்பது நல்லது. பெட்டிக்குள் முழங்காலில் இருந்து சொல்வதுதான் ஆதிகாலம் முதல் இருந்தது என்று நம் ஆட்களில் பலர் நினைக்கிறார்கள். இல்லை. முதல் நூற்றாண்டுகளில் விக்கிரக ஆராதனை, கொலை, விபசாரம் போன்ற பெரும் பாவங்களுக்குச் சபையே அறிய நீண்ட தவம் இருந்தது. அதுவும் வாழ்நாளில் ஒருமுறைதான். 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம், கட்டாயப்படுத்தாமலே விசுவாசத்தை மறுத்தவர்களுக்கு மூன்று வருஷம், ஏழு வருஷம், இரண்டு வருஷம் என்று படிப்படியாகப் பன்னிரண்டு வருஷத் தவம் வைத்தது. இன்று 'அருள்நிறை மரியே' ஜெபத்தை மூன்று முறை சொல்லச் சொன்னால் நமக்கு வலிக்கிறது. 459-இல் பாப்பரசர் முதலாம் லியோ, பாவங்களை எழுதி எல்லார் முன்னும் வாசிக்க வைக்கும் பழக்கத்தைத் தடுத்தார்; குருவிடம் மறைவாகச் சொன்னால் போதும் என்றார். பிறகு அயர்லாந்துத் துறவிகள் வழியாக, தனியாக, எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லும் முறை ஐரோப்பாவில் பரவியது. வருஷத்துக்கு ஒருமுறையாவது செய்யவேண்டும் என்ற சட்டம் 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கத்தில் வந்தது. நடுவில் கம்பிவலை வைத்த பெட்டி இன்னும் பிந்தியது, 16-ஆம் நூற்றாண்டு. மிலான் பேராயர் சார்லஸ் பொரோமியோ அதைப் பரவலாக்கினார்.

புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் இதையெல்லாம் ஒழித்துவிட்டார் என்று சொல்வதும் பாதிதான் சரி. 1517-இல் அவர் எழுதிய 95 கோட்பாடுகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்பதுதான். தனியாகப் பாவ அறிக்கை செய்வதை அவர் கட்டாயமாக்கவில்லை. ஆனால் தூக்கியும் எறியவில்லை. விசுவாசத்தைக் கற்பிக்க அவர் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் அதற்கு இடம் உண்டு. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயங்களில் திருவிருந்துக்கு முன் சபையார் எல்லாரும் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கையைக் கேட்டிருப்பீர்கள். சொல்லும் முறை மாறுகிறது, யாரும் சொல்லாமல் விடுவதில்லை.

குடிப் பிரச்சினைக்கு வருவோம். அதே பாவத்தைத் திரும்பச் சொல்வது நடிப்பா? மனசில் விடவேண்டும் என்ற எண்ணம் இருந்து, மறுபடி விழுந்து, மறுபடி சொன்னால் நடிப்பு இல்லை. ஒரே நாளில் ஏழு முறை வந்து மன்னிப்புக் கேட்டாலும் மன்னியுங்கள் என்று நம்மிடம் சொன்னவர் (லூக்கா 17:4) தாம் அதைவிடக் குறைவாகவா செய்வார்? "இனிச் செய்யமாட்டேன்" என்ற பிரதிக்கினை, இனி விழவே மாட்டேன் என்ற ஜோசியம் இல்லை. விழாமலிருக்க என்ன செய்யப்போகிறேன் என்ற ஏற்பாடு.

அந்த ஏற்பாடு உங்களிடம் இருக்கிறதா என்பதுதான் என் சந்தேகம். பழைய ஞானோபதேசத்தில் "பாவச் சமயங்களை விலக்கவேண்டும்" என்று ஒரு வரி உண்டு. உங்கள் பாவச் சமயம் எது? சம்பளம் ஏறிய நாள், ஷிப்ட் முடிந்து அதே கூட்டாளிகளோடு அதே கடைப் பக்கம் நடப்பது. சம்பளக் கணக்கின் ஏ.டி.எம். கார்டை மனைவியிடம் கொடுத்திருக்கிறீர்களா? அன்றைக்கு வேறு பஸ் பிடிக்க முடியுமா? இதெல்லாம் பக்தி விஷயமாகத் தெரியாது. ஆனால் பாவசங்கீர்த்தனப் பெட்டியிலிருந்து எழுந்து வந்தபின் செய்யவேண்டியது இதுதான். சம்பள நாளில் மட்டும் என்று நீங்கள் சொல்வது உண்மையில் அதைவிட அதிகமாக இருந்தால், கை நடுங்குகிறது, தூக்கம் வரவில்லை என்றால், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். அது நோயாகவும் இருக்கிறது. நோய்க்கு வைத்தியம் பார்ப்பது விசுவாசக் குறைவு ஆகாது. 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் பன்னிரண்டு படிகளில் ஐந்தாவது படி, தன் தவறுகள் என்னவென்று கடவுளிடமும் தன்னிடமும் இன்னொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்வது. எட்டும் ஒன்பதும், யார் யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர்களுக்கு ஈடுசெய்வது. குடிகாரர்களாயிருந்து மீண்டவர்கள் அனுபவத்தில் வகுத்துக்கொண்ட படிகள் இவை. உங்கள் மூன்றாவது கேள்விக்கான பதில் அந்த எட்டிலும் ஒன்பதிலும்தான் இருக்கிறது.

அக்கா விஷயம். இங்கேதான் கொஞ்சம் கடுமையாக எழுதப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பாவசங்கீர்த்தனத்தில் என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கக்கூடாது, கேட்கவும் இல்லை. ஆனால் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்தில் நம் கோவில்கள் எப்படி இருக்கும் என்று தெரியும். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர்களெல்லாம் ஊர் திரும்பியிருப்பார்கள். எலத்தகிரியானாலும் கோவிலூரானாலும் வரிசை வாசல்வரை நிற்கும். அந்த நெரிசலில் "உடன்பிறந்தவங்க விஷயத்துல நீதி தவறிட்டேன் சாமி" என்று ஒருவர் சொன்னால், சாமியாரும் சரி என்று ஒரு ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலையை அபராதமாகச் சொல்லி அனுப்பத்தான் செய்வார். அதில் நிலம் என்ற சொல்லே வந்திருக்காது. அவர் விவரம் கேட்டிருந்தால் அடுத்த கேள்வி ஒன்றுதான்: திருப்பிக் கொடுத்தாயா?

இது புதிதாகக் கண்டுபிடித்த விதி இல்லை. எண்ணிக்கை நூல் 5:7-இல் பாவத்தை அறிக்கையிடுவதும், எடுத்ததை முழுசாகத் திருப்பி அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுப்பதும் ஒரே மூச்சில் வருகிறது. வரிதண்டுபவரான சக்கேயு தன் வீட்டில் எழுந்து நின்று, ஏமாற்றியிருந்தால் நாலு மடங்காகத் தருகிறேன் என்றார். இயேசு கேட்கக்கூட இல்லை. பலிபீடத்தில் காணிக்கை வைக்கும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பதாக நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போய்ச் சமாதானமாகு என்று மலைப்பொழிவில் இருக்கிறது. கத்தோலிக்க அறநெறியிலும் 'களவு செய்யாதே' என்ற ஏழாம் கட்டளையை மீறி எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் கடமை உண்டு. ஜெபமாலையோ உபவாசமோ கோவிலுக்குக் கொடுக்கும் நன்கொடையோ அதற்கு ஈடாகாது. கொடுக்கும் தீர்மானமே இல்லாமல் வாங்கும் பாவமன்னிப்பு செல்லாது என்பதும் பழைய போதனைதான். தீர்மானம் உண்மையாக இருந்தால் பத்திரப் பதிவு முடியும்வரை மன்னிப்பு காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டால் அந்தத் தீர்மானத்தின்மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

"அக்காதான் மனப்பூர்வமாகக் கையெழுத்துப் போட்டார்களே" என்று உங்களுக்குள் ஒரு வக்கீல் பேசுவார். அக்கா ஏன் போட்டார் என்று நமக்குத் தெரியாதா? நம் ஜில்லாவில் பெண்பிள்ளை பிறந்த வீட்டில் பங்கு கேட்டால் அதோடு வாசல் மூடிவிடும். மகளுக்குக் காது குத்த, சடங்கு சுற்ற, கல்யாணத்துக்கு மாமன் சீர் கொண்டுவரத் தம்பி வேண்டும். பாத்திமா அன்னை படமும் சிலுவையும் மாட்டிய வீடுகளிலும் இந்தக் கணக்கு அப்படியேதான் இருக்கிறது. இரண்டு ஏக்கரா, தம்பியா என்று கேட்டால் தம்பி என்றுதான் சொல்வாள். அதோடு நீங்கள் பட்டா மாற்ற என்று சொல்லி வாங்கியிருக்கிறீர்கள். விடுதலைப் பத்திரம் என்றால் என்னவென்று சொல்லி வாங்கவில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், அம்மா உயிரோடு இருக்கும் பட்சத்தில் அவருக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. அந்தச் சட்டத்தில் மகன் மகள் என்ற வித்தியாசம் இல்லை. அம்மா இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அவர் பங்கையும் சேர்த்து யோசியுங்கள்.

அதனால் மனசு ஆறாதது கடவுள் மன்னிக்காததன் அடையாளம் என்று நான் நினைக்கவில்லை. முடிக்காத வேலை ஒன்று பாக்கி இருப்பதால்தான் அது உறுத்துகிறது. உறுத்தவேண்டியது உறுத்துகிறது. 32-ஆம் திருப்பாடலில், பாவத்தைச் சொல்லாமல் வைத்திருந்த காலத்தில் எலும்புகள் தேய்ந்தன என்று வருவதைப் படித்துப் பாருங்கள்.

இன்னொரு வகை உறுத்தலும் உண்டு. திருப்பிக் கொடுத்து, மன்னிப்பும் பெற்று, அதன்பிறகும் போதவில்லை போதவில்லை என்று அதே பாவத்தைத் தோண்டிக்கொண்டே இருப்பது. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரே ஸ்பெயினின் மன்ரேசாவில் இந்த வேதனையில் தவித்தவர்தான். அப்படிப்பட்டவர்கள் ஒரே குருவிடம் போய் அவர் சொல்வதைக் கேட்டு நடப்பது நல்லது. இப்போதைக்கு உங்கள் நோய் அது இல்லை.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசை நினைத்துப் பாருங்கள். நான் சொன்ன இரண்டையும் அவன் செய்தான். குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று வாய்விட்டுச் சொன்னான். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பி எறிந்தான். ஆனால் யாரைக் காட்டிக்கொடுத்தானோ அவரிடம் போகவில்லை. இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுரு ஒரு காசும் திருப்பவில்லை, திருப்ப ஒன்றும் இல்லை. வெளியே போய் மனம் கசந்து அழுதார், பிறகு இயேசு கரையில் நின்றபோது படகிலிருந்து குதித்து அவரிடம் ஓடினார். நிலத்தைக் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது, இனி யாருக்கும் நான் கடன்காரன் இல்லை என்ற மிடுக்கோடு எழுந்து போவதற்கும் பாவசங்கீர்த்தனம் என்ற இந்த அருளடையாளம் இடம் கொடுப்பதில்லை. கொடுத்துவிட்டும் போய் முழங்காலில் நிற்க வேண்டியிருக்கிறது.

ஒரு ஆதங்கத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பாவசங்கீர்த்தனத்துக்கு முன் தன் பாவங்களை நினைத்துப் பார்க்கும் ஆத்தும சோதனைக்கு நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பட்டியலில் பொய், கோபம், பூசைக்குப் போகாதது எல்லாம் இருக்கிறது. வரதட்சணை வாங்கியதும், காலனிக்காரர் என்று தள்ளி உட்கார வைத்ததும், மகளுக்குப் பங்கு கொடுக்காததும் அதில் இருப்பதில்லை. பிறந்த பெண் குழந்தையைக் கொல்வதைத் தடுக்க 1992-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிறகு தருமபுரிக்கும் தேவைப்பட்டது. அந்த வீடுகளின் பாவமாக மட்டும் அதைப் பார்த்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. மகள் என்றால் செலவு என்ற அதே எண்ணம்தான் உங்கள் பத்திரத்திலும் இருக்கிறது.

பங்குச்சாமி முகத்தைப் பற்றிய தயக்கம் சின்ன விஷயம். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சொல்லாலும் குறிப்பாலும் எந்தக் காரணத்துக்காகவும் வெளியிடக்கூடாது என்று திருச்சபைச் சட்டம் 983 சொல்கிறது. நேரடியாக வெளியிடும் குரு அந்த நொடியே திருச்சபைக்கு வெளியே போய்விடுகிறார். 984-இன்படி, கேட்டதை வைத்துப் பாவியைப் பாதிக்கும் எதையும் அவர் செய்யவும் கூடாது. ராணியின் பாவசங்கீர்த்தனத்தைச் சொல்ல மறுத்ததால் பிராகு நகரில் நெப்போமுக் யோவான் ஆற்றில் தள்ளிக் கொல்லப்பட்டார் என்று பாரம்பரியம் சொல்லும்; அவர் இறந்த வருஷம் 1393. அப்படியும் கூச்சமாக இருந்தால் உங்கள் பங்கிலேயே சொல்லவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கிருஷ்ணகிரி பாத்திமா அன்னை திருத்தலத்துக்குப் போங்கள், தருமபுரி இருதய ஆண்டவர் பேராலயத்துக்குப் போங்கள். 2004-இல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தாலும், 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்துவந்த மறைமாவட்டம் இரண்டுக்கும் சேர்த்து ஒன்றுதான்.

தவக்காலம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சாதாரண வாரநாளில், மாலைப் பூசைக்கு முன் அரைமணி நேரம் வேண்டும் என்று போனில் சாமியிடம் கேளுங்கள். நிலம் என்ற சொல்லைச் சொல்லுங்கள், எவ்வளவு என்றும் சொல்லுங்கள். அக்கா வீட்டுக்காரர், மச்சான் எல்லாம் எப்படிப்பட்டவர்கள் என்ற கதை அங்கே தேவையில்லை. அது அவர்கள் பாவம், அவர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

பிறகு அக்காவைப் பார்க்கப் போங்கள். "மன்னிச்சிடுக்கா" என்று வெறுங்கையோடு போனால் "பரவாயில்லடா" என்றுதான் சொல்வார், அதைச் சாக்காக்கிக்கொண்டு திரும்பி வந்துவிடாதீர்கள். விடுதலைப் பத்திர நகலையும் பட்டாவையும் எடுத்துக்கொண்டு போங்கள். நிலமாக வேண்டுமா, இன்றைய விலைக்குப் பணமாக வேண்டுமா என்று அவரையே கேளுங்கள். மொத்தமாக முடியாவிட்டால் தவணையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். நிலமென்றால் செட்டில்மெண்ட் பத்திரத்துக்கு என்ன செலவு என்று முன்னாடியே பத்திர எழுத்தரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அந்தச் செலவு உங்களுடையது. மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் தடுமாறினால் அவர் பேசுவார். சம்பள நாளில் மட்டும் போகவேண்டாம்.